'செட்'டுக்கு இருபத்திரண்டு சாட்சிகள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

கடுகு எழுதுகிறேன். போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும், "யாரு பேசறது, எந்தக் கூட்டத்துக்கு மைக் வேணும், எத்தனை குழாய் கட்டணும்" என்றுதான் கேட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்ற காதிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதனால்தான் கடிதம்.

நான் சேர்ந்திருப்பது அகராதி அலுவலகம் என்று சொன்னேன் அல்லவா? நம் ஆட்கள் தமிழ் பேசும்போது வாயில் தானாக வந்து விழுகிற ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே அகராதி தயாராகிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்கு வந்தது 'செட்'. சின்னச் சொல்லாயிற்றே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. பம்பு செட், பல் செட், டீ கப் செட், நாடக செட், அலாரம் செட் பண்ணுவது, முடியைச் செட் பண்ணுவது, "அவன் எங்க செட்டு", "அந்த வேலை எனக்கு செட் ஆகலை". நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இங்கே ஒரு முறை உண்டு. எந்தப் பொருளை எழுதினாலும் அதற்கு ஒரு சாட்சிச் சீட்டு வேண்டும். அந்தத் தொழில் செய்கிறவர் தன் வாயால் சொன்ன வாக்கியம், அவர் கையால் எழுதியது, கீழே தொழில், எத்தனை வருட அனுபவம், கையெழுத்து. சீட்டு இல்லாத பொருளை எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். கழுத்தில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். நாங்கள் அவரைப் பூதக்கண்ணாடியம்மா என்றே சொல்லிக்கொள்கிறோம், மெதுவாக.

உங்கள் கடைத்தெருவில் இல்லாத தொழில் இல்லை. கொத்தனார், பல் கட்டுகிறவர், ரம்பம் தீட்டுகிறவர், உங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. இருபத்திரண்டு வெற்றுச் சீட்டுகள் வைத்திருக்கிறேன். நிரப்பி வாங்கி அனுப்ப முடியுமா? என் வேலை ஆறு மாதத் தற்காலிகம். மார்ச் பதினைந்தாம் தேதி இந்தப் பகுதி அச்சுக்குப் போகிறது, என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் அன்றுதான் முடிவாகும். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. திரும்பிப் போவதற்கு இடம் கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
கடுகு

பி.கு: ஏணியில் ஏற மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தது ஞாபகம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.


பிப்ரவரி 8

என் அருமைக் கடுகுக்கு மாமா எழுதுவது.

முதலில் காது விஷயம். என் காது பாம்புக் காது. போன்தான் முணுமுணுக்கிறது.

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. பத்தேகாலுக்கு நான் தெருவில் இறங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் உன் மாமன். ஆனால் அந்த எட்டாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன் என்பதை உன் அலுவலகத்தில் சொல்லி வை.

கொத்தனாரைப் பார்க்கப் போனால் அவர் நாலாவது மாடியில் நிற்கிறார். விட்டேனா? அங்கேயே ஏறிப் போனேன். ஏணியில் இல்லை, படியில். கான்கிரீட் செட் ஆவதைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்கு முன்னமே தெரிந்ததாகத்தான் இருந்தது. பல் செட் கட்டுகிறவர் ஒரு பெரிய மனிதரின் வாய்க்குள் கை விட்டிருந்தார். என்னைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். நாங்கள் பேசி முடிக்கும் வரை, நாற்பது நிமிடம், அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை முறையிடவில்லை.

நாடக செட்டுக்கு யாரையும் தேட வேண்டியதே இல்லை. அரண்மனை செட் சரிந்தபோது தூணை முதுகால் தாங்கி நின்றவன் நான். ராஜா கடைசி வசனத்தைப் பேசி முடிக்கும்வரை நின்றேன். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் வேண்டுமென்றே நீட்டினார்.

இருபத்திரண்டு சீட்டும் இத்துடன். நாலே நாள். வேறு யாராவது செய்வார்களா, நீயே சொல். போகிற வழியில் எலும்பு டாக்டர் ஒருவரையும் பார்த்தேன். சும்மா, தற்செயலாக. அவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்காவிடம் சொல்: ஏணியை உடைத்து எப்போதோ விறகுக்குப் போட்டாயிற்று.

உன் மாமா


பிப்ரவரி 13

அன்புள்ள மாமாவுக்கு,

வயிற்றில் பாலை வார்த்தீர்கள். பக்கத்து மேசைக்காரர் 'கட்' என்ற சொல்லுக்கு இரண்டு மாதமாக அலைந்து ஒன்பது சீட்டுதான் வாங்கியிருக்கிறார். நான் இருபத்திரண்டை அடுக்கி வைத்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எட்டுச் சீட்டுகளில் சாட்சிகள் உங்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். "கான்கிரீட் நன்றாகச் செட் ஆகிவிட்டதா என்று மைக் செட் அண்ணன் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்" என்று கொத்தனார் எதற்கு எழுத வேண்டும்? சரி, அவர்கள் சொன்னதை மாற்றக் கூடாது என்று சொன்னவள் நான்தானே என்று விட்டுவிட்டேன். எல்லாச் சீட்டிலும் 'நேரில் கேட்டுப் பெற்றது, சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டேன்.

நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

கடுகு


பிப்ரவரி 16

அருமைக் கடுகுக்கு,

நலம். ஒன்றும் அவசரமில்லை. ஒரு சின்னச் சந்தேகம்.

அந்தப் பூதக்கண்ணாடியம்மா நிஜமாகவே கண்ணாடி வைத்துப் பார்ப்பாரா? அல்லது கழுத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று மாட்டியிருக்கிறாரா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

உன் மாமா


பிப்ரவரி 20

மாமா,

நிஜமாகவே பார்ப்பார்.

நேற்றுக் காலை என்னை உள்ளே கூப்பிட்டார். இருபத்திரண்டு சீட்டுகளும் மேசை மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிக் கிடந்தன. உட்காரச் சொல்லவில்லை.

"இதையெல்லாம் நீ நேர்ல வாங்கினியா?"

"எங்க மாமா வாங்கினாங்க மேடம்."

"உன் கையெழுத்து இருக்கே."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"பாரு. நாலு வார்த்தை கறுப்பா இருக்கு. அஞ்சாவது வெளுக்குது. ஆறாவது வெறும் கீறல். அப்புறம் பேனாவை உதறி மறுபடி கறுப்பு. பேனா மூக்கு மேல பார்த்தா மையி இறங்காது. நானும் மூணு மாசம் மல்லாந்து படுத்துக்கிட்டே புரூஃப் திருத்தியிருக்கேன், என் பெரியவ வயித்துல இருந்தப்ப. இது படுத்துக்கிட்டு எழுதினது."

சரி என்று தலையாட்டினேன்.

"கொத்தனார் படுத்துக்கிட்டு எழுதினார், சரி. பல் கட்டறவரும் படுத்துக்கிட்டா? ரம்பம் தீட்டறவரும்? என்னம்மா, அந்த ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல படுத்துட்டாங்களா?"

ஒரு சீட்டில் இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் குண்டு குண்டாக. ஒன்றில் கட்டைவிரல் ரேகை, அதுவும் உங்கள் விரல்தானே? நான் சின்ன வயதில் லீவுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கதை அளப்பீர்கள், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அது வேறு. இது என் சோறு, மாமா. என் அம்மாவின் சோறு. சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மார்ச் ஐந்தாம் தேதிக்குள் நல்ல சீட்டுகள் வராவிட்டால் 'செட்' வேறு ஒருவருக்குப் போகும். நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், வீடு எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டு.

அவர் ஒரே ஒரு சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். கோழி கிண்டிய கையெழுத்து. "எலும்பைச் செட் பண்ணியாச்சு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. சொன்னால் கேட்க வேண்டும்." இது மட்டும் நின்றபடி அவசரமாக எழுதியது, இது ஒன்றுதான் நிஜம் என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "சொன்னால் கேட்க வேண்டும்னு டாக்டர் யாருக்கு எழுதியிருக்கார்?" என்று கேட்டார்.

நேற்று முழுக்க எனக்கு உங்கள் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. இன்று காலையில்தான் அந்தக் கேள்வி மண்டையில் ஏறியது.

மாமா, நீங்கள் எதற்குப் படுத்துக்கொண்டு எழுதினீர்கள்?

கடுகு


பிப்ரவரி 23

கடுகு,

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி பெருங்காற்று அடித்தது. குழாய் கழன்று, கீழே நின்ற ஒரு குழந்தையின் தலையில் விழப் போனது. நான் பத்தடி உயரத்திலிருந்து பாய்ந்து

மேலே எழுதியது பொய். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பிறகு நீ கண்ணாடி வைத்துப் படித்தாலும் படிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நடந்தது இது. காற்று அடிக்கவில்லை. குழந்தை இல்லை. சுவரில் மாட்டிய குழாய்க்குள் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினேன். மூன்றாவது படி. தரையிலிருந்து என் இடுப்பு உயரம்கூட இல்லை. கால் வழுக்கியது, விழுந்தேன், முழங்காலுக்குக் கீழே ஒரே முறிவு. குழாய்க்குள் குருவிக் கூடு இல்லை. என் பழைய துண்டு இருந்தது.

நாலாவது மாடியிலிருந்து விழுந்திருந்தால் அக்காவிடம் சொல்லியிருப்பேன். மூன்றாவது படியிலிருந்து விழுந்ததை எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் சத்தியம் செய்துவிட்டு.

உன் கடிதம் வந்தபோது படுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் கஞ்சி கொண்டு வருகிறார், கடிதம் கொண்டு வருகிறார். "உங்களால முடியாதுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்கண்ணே, பொண்ணு புரிஞ்சுக்கும்" என்றார். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முடியாது என்ற வார்த்தை எனக்கு வரவில்லை, கடுகு. நீ பிறந்ததிலிருந்து எது கேட்டாலும் மாமா இருக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிட்டது. சரி, இவர்களையெல்லாம் முப்பது வருடமாகத் தெரியும், என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா என்று எழுத ஆரம்பித்தேன். முதல் சீட்டு எழுதும்போது கை கூசியது. ஐந்தாவதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பத்தாவதில் நிஜமாகவே போய்வந்த மாதிரி கால் வலித்தது.

டாக்டரின் சீட்டு மட்டும் அவரே எழுதியது. கட்டை மாற்றிக் கட்ட வந்தபோது, செட் என்று சொன்னாரே என்று ஆசையாக நீட்டினேன்.

உன் சோற்றில் நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் என் பெயரைச் சொல்லித் திட்டு. இவன் இப்படித்தான், பிறவிப் பொய்யன் என்று சொல். உன்னை விட்டுவிடச் சொல்.

எப்படியோ, சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல் இறங்கிய மாதிரி இருக்கிறது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்.

மாமா


பிப்ரவரி 25

மாமா,

நான் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. கடிதத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். படித்தாள். "மூணாவது படியா?" என்று கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு பெட்டியை எடுத்தாள். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவள் உங்கள் வாசலில் நிற்பாள்.

இன்று காலை நானே பூதக்கண்ணாடியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. நான் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான்" என்றார். ஆனால் இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

சீட்டு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். உங்களுக்குக் கால்தானே உடைந்தது. நேற்று வரை நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். ஏதோ பெரிய நோய், எங்களிடம் மறைக்கிறீர்கள் என்று. வெறும் கால் என்று படித்ததும் அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெற்றுச் சீட்டுகளை அம்மா பையில் வைத்திருக்கிறேன். அவள் சொல்வதைக் கேளுங்கள்.

கடுகு


மார்ச் 1

என் அருமைக் கடுகுக்கு,

உன் அம்மா வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஏணி எங்கடா?" என்றாள். விறகுக்குப் போட்டதாக உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

இனி நான் எழுதுவதற்குச் சாட்சி உண்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறாள். ஆகவே இதில் உள்ளதெல்லாம் நடந்தது.

நான் போக முடியாது. அவர்கள் வரலாமே என்று யோசித்தது யார் என்று நினைக்கிறாய்? (அக்காதான். நான் என்று எழுதினேன், அடிக்கச் சொன்னாள்.) தையல்காரம்மா குழாயை ஜன்னல் கம்பியில் தெருவைப் பார்க்கக் கட்டினார். மைக்கைப் படுக்கைக்கு இழுத்தோம். காலை ஒன்பது மணிக்கு, கடைத்தெரு நிறைந்திருக்கும் நேரத்தில், நான் பேசினேன்:

"பொதுமக்களுக்கு வணக்கம். மைக் செட் பேசறேன். எனக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. ஏணியில மூணாவது படியிலேர்ந்து விழுந்தேன். தொழில்ல செட்டுங்கற வார்த்தையைச் சொல்றவங்க யாரா இருந்தாலும் கொஞ்சம் மாடிக்கு வந்துட்டுப் போங்க. எங்க அக்கா மகள் வேலை அதுல இருக்கு. எழுதத் தெரியாதவங்களும் வரலாம். நன்றி."

முப்பத்தெட்டு வருடத்தில் ஆயிரம் அறிவிப்பு செய்திருக்கிறேன். உண்மையை மட்டும் சொன்ன அறிவிப்பு இதுதான் முதல். பேசி முடித்து மைக்கை அணைத்தேன். பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

முதலில் வந்தவர் கொத்தனார். நான் அவர் பெயரில் எழுதியதைச் சொல்லிக் காட்டினேன்: கான்கிரீட் செட் ஆவது என்றால் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருண்ணே சொன்னது? காயறது வேற, செட் ஆவறது வேற. காய விட்டா வெடிச்சுப் போகும். செட் ஆகறதுக்குத்தான் ஏழு நாள் தண்ணி ஊத்தறோம். தண்ணிக்குள்ளயே செட் ஆகும்." நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டாள். எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்று முழுவதும் யார் பேச உட்கார்ந்தாலும் முதலில் எனக்குத் தெர்மாமீட்டர்.

பல் கட்டுகிறவர் வந்தார். "புது செட்டு வாய்க்கு செட் ஆக ரெண்டு வாரம் ஆகும்" என்று எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிடம் வாய் திறந்து உட்கார்ந்தவர் யார் என்று அக்கா கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார். தையல்காரம்மா சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: "ஒரே துணியில ரெண்டு எடுத்தா அது ஜோடி. வேற வேற துணியா இருந்தும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்து வந்தா அதுதான் செட்டு."

ரம்பம் தீட்டுகிறவர் கதையை நீ கேட்டே ஆக வேண்டும். செட் என்றால் கூர் ஏற்றுவது என்று நான் எழுதியிருந்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கூரு வேற, செட்டு வேற. பல்லை ஒண்ணு விட்டு ஒண்ணு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைச்சு விடறதுதான் செட்டு. அது இல்லேன்னா எவ்வளவு கூரா இருந்தாலும் ரம்பம் கட்டையில மாட்டிக்கும்."

"எங்க, செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்றாள் உன் அம்மா.

"கட்டை வேணுமேக்கா."

அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஏணியை இழுத்தாள்.

வாயில் தெர்மாமீட்டரோடு நான் என்ன செய்ய முடியும்? செட் போன ரம்பத்தால் முதலில் அறுத்தார். நாலு இழுப்பில் மாட்டிக்கொண்டது. பிறகு என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, பல் பல்லாக வளைத்துச் செட் வைத்துவிட்டு மறுபடி இழுத்தார். வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. ஒரு துண்டு போதும், பொருள் விளங்கிவிட்டது என்று ஜாடை காட்டினேன். பதினோரு துண்டாக அறுத்த பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது.

கடைசியாக வந்தவரை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கடை மைக் செட்டுக்காரன். ஒரே ஊரில் தொழில் செய்துகொண்டு பதினாறு வருடமாகப் பேச்சில்லை. கதவருகே நின்றபடி, "உன் குழாய் கரகரங்குது. காந்தம் நகர்ந்திருக்கு" என்றான். கழற்றிச் சரி செய்தான். பிறகு சீட்டை வாங்கி எழுதினான்: "இவனும் நானும் ஒரே செட்டு. எட்டாங் கிளாஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்." எட்டாம் வகுப்பில் எத்தனை வருடம் உட்கார்ந்தோம் என்பதை எழுதாமல் விட்டான். பெரிய மனசு.

பத்தொன்பது சீட்டு இத்துடன். ஒவ்வொன்றின் பின்னாலும், என் கண் முன்னால் எழுதியது என்று அக்காவின் கையெழுத்து. என் பழைய இருபத்தொன்றில் ஆறுதான் சரி. மற்றதெல்லாம் தப்பு. இத்தனை வருடம் இவர்களோடு பேசியிருக்கிறேன், அதாவது நான் பேசியிருக்கிறேன், அவர்கள் சொன்னதை ஒரு நாளும் கேட்டதில்லை என்று இப்போது தெரிகிறது. காது மேல் தப்பில்லை.

மாமா

பி.கு: இதில் உள்ளது உண்மை. ஏணி பன்னிரண்டு துண்டு, பதினொன்று இல்லை. அம்மா.


மார்ச் 7

அன்புள்ள மாமாவுக்கு,

நான்காம் தேதி மதியம் சீட்டுகள் வந்தன. கட்டைப் பிரிக்காமலேயே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம். நான் சுவரில் இருந்த ஆணிகளை எண்ணினேன், ஒன்பது.

கொத்தனார் சீட்டில் சிமெண்டு விரல் பதிந்திருக்கிறது. பூதக்கண்ணாடியம்மா அதை முகர்ந்து பார்த்தார், மாமா, சத்தியமாக. பல் கட்டுகிறவரின் வாக்கியத்தைப் படித்துவிட்டு, "ஒரே வரியில ரெண்டு பொருள். இதை முதல்ல போடு" என்றார். தையல்காரம்மாவின் வரியை இரண்டு முறை படித்தார்.

கடைசியில் கண்ணாடியைக் கீழே விட்டார். "நீ தப்பு பண்ணினதை நீயே வந்து சொன்னேல்ல, அன்னிக்கே உன்னை வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சீட்டு வரலேன்னா 'செட்'டைத்தான் பறிச்சிருப்பேன், உன்னை இல்ல. அதை அன்னிக்கே சொன்னா சீட்டு வந்திருக்காது."

பதினாறாம் தேதியிலிருந்து நிரந்தரம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் பக்கத்து மேசைக்காரர் டீ வாங்கி வைத்திருக்கிறார். உங்கள் ஊருக்கு 'கட்' என்ற சொல்லையும் அனுப்பலாமா என்று கேட்கிறார்.

நாளைக்குக் கட்டு பிரிக்கிறார்கள் என்று அம்மா எழுதியிருந்தாள். ஒன்று விட்டுப்போய்விட்டது மாமா. இத்தனை செட்டுக்கும் சீட்டு இருக்கிறது, 'மைக் செட்'டுக்கு இல்லை. உங்களிடம் யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் சொந்தச் சரக்கையே எழுதுங்கள்.

கடுகு


மார்ச் 11

அருமைக் கடுகுக்கு,

நிரந்தரம் என்ற வார்த்தையை அக்கா வாசித்ததும் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. நம்பமாட்டாய், சாட்சி கேள்.

சீட்டுக்கு நாலு தடவை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை பின்பக்கமும் நிறைந்துவிட்டது. நாலாவது இது:

"மைக் செட்: மைக், பெட்டி, குழாய், ஒயர் எல்லாம் சேர்ந்தது. ஒன்று குறைந்தாலும் செட் இல்லை. முப்பத்தெட்டு வருடமாக வாடகைக்கு விடுகிறேன். குழாய் கட்ட வேறு ஆள் ஏறுவார்."

அந்த வேறு ஆள் எதிர்க்கடைக்காரன். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனால் அவன் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

மாமா


மார்ச் 15

மாமா,

அச்சுக்குப் போய்விட்டது. 'செட்' மட்டும் இரண்டரைப் பக்கம். உங்கள் சீட்டுதான் கடைசி.

பூதக்கண்ணாடியம்மா அதை நெடுநேரம் பார்த்தார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பிறகு சிரித்தார். "முதல் வார்த்தையிலேர்ந்து கடைசி வார்த்தை வரைக்கும் ஒரே கறுப்பு. உங்க மாமா எழுந்து உக்காந்துட்டார்" என்றார்.

கடுகு


மார்ச் 18
(அஞ்சலட்டை)

கடுகு, அந்த அம்மாவிடம் சொல். உட்கார்ந்து எழுதவில்லை. ஜன்னல் பலகையில் சீட்டை வைத்து, இரண்டு காலையும் ஊன்றி, நின்றுகொண்டு எழுதினேன். ஒரு மணி நேரம் நின்றேன். மாமா.

நின்றது உண்மை. ஏழு நிமிடம். நேரில் பார்த்தேன். அம்மா.